கண்டக்டர் ஓசியிலா போனார்?

டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து பின்வரிசையில் நிற்கும் போக்குவரத்துத் தோழர்களே!

2024 ஏப்ரல் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். விரலில் வைத்த மை அழியக்கூட இல்லை. அதற்குள் இதே திருச்சியில், ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகர் போன அரசு டவுன் பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கண்டக்டர் ரோட்டில் போய் விழுந்தார். தனியாக விழவில்லை ஐயா, உட்கார்ந்திருந்த சீட்டோடு விழுந்தார்! அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், உயிர் தப்பியது. பின்னால் ஒரு லாரி நெருக்கிக்கொண்டு வந்திருந்தால் இன்று இந்த மேடையில் மாலை போட்ட படம் ஒன்று இருந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். "படியில நிக்காதே, உள்ளே வா, உள்ளே வா" என்று நாள் முழுக்க ஊரையே விரட்டுகிறவர் அவர். அவர் உள்ளேதான் இருந்தார். நிற்கக்கூட இல்லை, உட்கார்ந்திருந்தார். அவரையே பஸ் வெளியே தள்ளிவிட்டது என்றால், கைப்பிடியில் தொங்குகிற நமக்கு யார் ஜாமீன்?

உடனே என்ன செய்தார்கள்? டெப்போ ஆட்களை சஸ்பெண்ட் செய்தார்கள்.

அதே வருஷம் பிப்ரவரியில் சென்னையில் என்ன நடந்தது? வள்ளலார் நகரிலிருந்து திருவேற்காடு போன 59-ஆம் நம்பர் பஸ். அமைந்தகரை பக்கத்தில் ஒரு பெண்மணியின் காலுக்குக் கீழே இருந்த பலகை உடைந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஓட்டை வழியாக அவர் கீழே இறங்கிவிட்டார். கூட இருந்தவர்கள் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் அடித்தார், பிழைத்தார் அந்தத் தாய். அங்கேயும் நடவடிக்கை பாய்ந்தது டெப்போ ஆட்கள் மேல்தான். பலகை உடைந்தால் மெக்கானிக், சீட்டு பறந்தால் மெக்கானிக். இவர்கள் நீட்டுகிற விரல் டெப்போ கேட்டைத் தாண்டி ஒரு நாளும் வெளியே வராது!

அந்த மெக்கானிக்கிடம் போய்ப் பேசியிருக்கிறீர்களா? நான் பேசியிருக்கிறேன். "பலகை மாத்தணும்னு எழுதிக் கொடுத்தேன் சார். சாமான் வரலை. வண்டியை நிறுத்தினா ட்ரிப் கட். ட்ரிப் கட் ஆனா மெமோ. தகரத்தை வெச்சு ஆணி அடிச்சு அனுப்பினேன்." சாமான் வாங்கப் பணம் ஒதுக்காதவன் ஏ.சி. ரூமில் இருக்கிறான், தகரத்தில் ஆணி அடித்தவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

திருச்சியில் கண்டக்டர் விழுந்த பிறகு இன்னொரு கூத்து. மாநிலத்தில் இருக்கிற அத்தனை அரசு பஸ்ஸையும் 48 மணி நேரத்தில் சோதித்து முடிக்க வேண்டும் என்று உத்தரவு. சுமார் இருபதாயிரம் பஸ்! கணக்குப் போட்டேன். ராத்திரி பகல் தூங்காமல் பார்த்தாலும் நிமிஷத்துக்கு ஏழு. டெப்போக்கள் முன்னூறு இருக்கின்றன, பிரித்துப் பார்ப்பார்கள் என்பீர்கள். சரி, டெப்போவுக்கு அறுபது பஸ்ஸுக்கு மேல் வருகிறது; அதுவும் வண்டிகள் ரோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்போது! சர்டிபிகேட் எழுதுகிறவர் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்திருப்பார் என்று நம்புகிறீர்களா?

கேள்வி கேட்டால் வாயை அடைக்க ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: ஓசி. 2021-இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல திட்டம், இந்த மேடையில் யாரும் அதைக் குறை சொல்லப்போவதில்லை. அடுத்த வருஷமே ஒரு மந்திரி மேடை ஏறி, ஓசியில்தானே போகிறீர்கள் என்று தாய்மார்களைப் பார்த்துக் கேட்டார். இன்றைக்கும் டீக்கடையில் நாலு பேர் அதையே பேசுகிறார்கள். ஓசிப் பயணத்துக்கு ஓட்டைப் பஸ் போதுமாம்! ஐயா, அந்த டிக்கெட் காசை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. அரசாங்கத்துக்கு யார் கொடுத்தது? நீங்கள் வாங்குகிற சோப்பில் வரி, செருப்பில் வரி. அதை விடுங்கள். அந்தக் கண்டக்டர் ஓசியிலா போனார்? சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்!

காசு கொடுத்தபோது மட்டும் வாழ்ந்தோமா? 2018 ஜனவரியில் சாதா பஸ் கட்டணம் கிலோமீட்டருக்கு 42 காசாக இருந்ததை 60 காசாக்கினார்கள். மாணவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். பெரிய மனசு பண்ணி 2 காசு குறைத்தார்கள். அந்த உயர்ந்த காசில் எத்தனை போல்ட்டு வாங்கினார்கள்? ஒரு கணக்கு காட்டட்டும், இந்த மைக்கை வைத்துவிட்டு இறங்குகிறேன்.

உடனே ஒரு அறிவாளி வருவார்: "எல்லாத்தையும் தனியாருக்குக் கொடுத்துட்டா சரியாயிடும்." அப்பா, தஞ்சாவூர் ரோட்டில் ரெண்டு தனியார் பஸ் டைமிங்குக்காக முட்டிக்கொண்டு போகும்போது நடுவில் ஸ்கூட்டரில் போயிருக்கிறாயா? போய்விட்டு வா, பேசலாம். 1972-இல் பல்லவன், சேரன், பாண்டியன் என்று கழகங்களைத் தொடங்கியது, பஸ் ஜனங்களுடையது என்பதற்காக. ராஜாக்கள் பெயரை வைத்தார்கள், இப்போது பஸ்ஸும் அந்தக் காலத்து ரதமாகிவிட்டது.

ஜப்தியைப் பற்றிப் பேசாமல் நான் இறங்க மாட்டேன். மற்ற வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். அரசுப் போக்குவரத்து நிறுவனம் தனி நிதி வைத்திருந்தால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆவது பிரிவு சலுகை கொடுக்கிறது. அப்படியானால் விபத்தில் செத்தவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு தானாகப் போக வேண்டுமா இல்லையா? போகாது! பெண்டாட்டி வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பாள், தீர்ப்பு வரும், பணம் வராது, கடைசியில் கோர்ட் அமீனா வருவார். ஒரு ஊரில் நான் உட்கார்ந்திருந்த பஸ்ஸிலேயே இது நடந்தது. எந்த ஊர் என்று வேண்டாம். முன் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள், எல்லாரையும் இறக்கினார்கள். முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு பாட்டி. "என்னப்பா ஆச்சு?" என்றது. "கடன் கட்டலை, வண்டி ஜப்தி" என்றார் கண்டக்டர். "கடன் வச்சது அவுக, நடக்கிறது நானா?" என்றது பாட்டி. பொருளாதாரம் படித்தவன் யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

இந்த நாட்டில் அடிபட்டவன்தான் குற்றவாளி. 2018 ஜூலையில் பரங்கிமலை ரயில் நிலையம். மின்கம்பி அறுந்தது, மின்சார ரயில்களின் கூட்டத்தை வேறு தடத்தில் போன ரயிலில் அடைத்தார்கள். பிளாட்பாரத்தை ஒட்டி நின்ற கான்கிரீட் சுவரில் அடிபட்டு, படியில் தொங்கிய பிள்ளைகள் செத்தார்கள். என்ன சொன்னார்கள்? படியில் தொங்கியது தப்பாம். தொங்குவதற்கு ஆசைப்பட்டா தொங்கினான்? உள்ளே இடம் இருந்தால் அவன் ஏன்டா தொங்குகிறான்! (மன்னியுங்கள், தாய்மார்கள் இருக்கிறீர்கள், வார்த்தை வந்துவிட்டது.) சுவரை யாரும் சஸ்பெண்ட் செய்யவில்லை.

வண்டி அரசாங்கத்துடையது. அதற்கு எஃப்.சி. கொடுக்கிற ஆர்.டி.ஓ. ஆபீஸும் அரசாங்கத்துடையது. விசாரிக்கிறவர், சஸ்பெண்ட் செய்கிறவர் எல்லாம் அதே வீடு. இதில் வெளியாள் நாம் ஒருவர்தான். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை விரலில் மை வைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முடியவில்லை. டிரைவர் வண்டியை விடும்போது என்னென்ன கோளாறு என்று டெப்போவில் எழுதிக் கொடுக்கிறார். பிரேக் இழுக்கிறது, சீட்டு ஆடுகிறது, எல்லாம் அதில் இருக்கும். எழுதிய தேதி, சாமான் கேட்ட தேதி, மேலிடம் இல்லை என்று சொன்ன தேதி, மூன்றையும் எனக்குக் காட்டு. அதைப் பார்த்தபிறகு யாரை சஸ்பெண்ட் செய்வது என்று நாங்கள் சொல்கிறோம்! 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் நம்மைக் கேட்க முடியாது. முப்பது நாளில் பதில். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அதே 48 மணி நேரத்தில் பதில் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. இருபதாயிரம் பஸ்ஸை அந்த நேரத்துக்குள் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கத் தெரியாதா?

மேடைக்கு இடப்பக்கம் மேஜை போட்டிருக்கிறோம். மனு தமிழில் அச்சடித்திருக்கிறது. உங்கள் பெயர், முகவரி, தினம் ஏறுகிற பஸ்ஸின் தடம் எண், இவ்வளவுதான் எழுத வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், இல்லாதவர்கள் தம்பிகளிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று, கும்பலாக ஒரே மனு வேண்டாம். ஒரே மனுவாகப் போனால் ஒரே குப்பைத்தொட்டியில் முடிந்துவிடும். காக்கிச் சட்டைத் தோழர்கள் கையெழுத்துப் போட வேண்டாம், உங்களுக்கு மெமோ வரும். உங்கள் வீட்டு அம்மாவை அனுப்புங்கள்.