வண்டியின் முன்பலகை யாருக்குப் பாத்தியம்?



பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டியிருக்கும் ஜீவனஹள்ளியில், நான் குடியிருக்கும் தெருவில், விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து புறப்படுவது ஒரு வாடகைக் கார். நான்கு பேர் அமரக்கூடிய சிறிய வண்டி. அதை ஓட்டும் இளைஞர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர், கன்னடம் சரளமாகப் பேசுகிறவர், ஆங்கிலத்தில் 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டுக்கு மேல் பழக்கமில்லாதவர். சென்ற மாதம் விமான நிலையத்துக்குப் போவதற்காக அவருடைய வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்தபோது கண்ட ஒரு சிறு காட்சியே இன்றைய உரைக்கு மூலகாரணம்.

வண்டியின் நடுவே, இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தாற்போன்ற அகலத்தில், கம்பெனியாரே வைத்துக் கொடுத்த திரை ஒன்று பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அவருடைய கண் ஒரு தடவைகூட அதன் பக்கம் போகவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே, முன்கண்ணாடியில் ஒட்டவைத்த ஹோல்டரில், மூலையில் கீறல் விழுந்த தம்முடைய கைபேசியைச் செருகி, அதைப் பார்த்தே வழி தெரிந்துகொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, இவ்வளவு பெரிய ஸ்க்ரீன் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்டேன்.

"அதுல இருக்கிற மேப்பு, வண்டி வாங்கின அன்னிக்கு இருந்த ஊரைக் காட்டுதுங்க ஐயா. போனு இன்னிக்கு இருக்கிற ஊரைக் காட்டுது. அது இங்கிலீஷ்ல பேசும். இது தமிழ்ல பேசும்."

"வயர் போட்டு, போனில் இருப்பதை அந்த ஸ்க்ரீனில் வரவழைக்க முடியாதா?"

"இந்த வண்டியில வராதுங்க. கம்பெனிக்காரங்க விடலை."

அந்தக் கடைசி வாக்கியம் என் மனத்தை விட்டு அகலவில்லை. பணம் கொடுத்து வாங்கிய வண்டி. பணம் கொடுத்து வாங்கிய கைபேசி. இரண்டும் ஒருவருக்கே சொந்தம். அவை ஒன்றோடொன்று பேசக்கூடாது என்று மூன்றாவது மனிதர் ஒருவர் தடுக்கிறார் என்றால், அதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும் அல்லவா?

அதைத் தேடுமுன், அந்தத் திரை பதிந்திருக்கும் முன்பலகையின் கதையைப் பார்ப்போம். அதற்கு வழங்கும் டேஷ்போர்டு என்ற சொல் குதிரை வண்டிக் காலத்தது. குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு தம்மேல் தெறிக்காதபடி வண்டியோட்டிக்கு முன்னால் மறைப்பாக நிறுத்திய பலகைக்கு அந்தப் பெயர். குதிரை போய் யந்திரம் வந்த பிறகும் பலகை நிலைத்தது. வேகத்தைக் காட்டும் முள்ளும் பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளும் அதில் ஏறின. வண்டியை ஓட்டுவதற்கு எவ்விதத்திலும் அவசியமில்லாத ஒரு விருந்தாளி அந்தப் பலகையில் வந்து அமர்ந்தது என்றால், அது வானொலிதான். 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவருடைய கம்பெனி, காருக்கென்றே ஒரு வானொலியைச் செய்து அதற்கு மோட்டரோலா என்று பெயர் வைத்தது. வண்டி ஓட்டுகிறவரின் கவனம் சிதறிவிடும், ஆகையால் இதைத் தடைசெய்ய வேண்டும் என்று அப்போதே அந்நாட்டில் சில இடங்களில் குரல் எழுந்தது. பின்னாளில் கம்பெனிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. அதே மோட்டரோலாவிலிருந்துதான் 1973-ல், கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று பேசக்கூடிய செல்பேசியின் முதல் மாதிரி வெளிவந்தது. காருக்குள் வானொலியைக் கொண்டுவந்தவர்களும் கைக்குள் செல்பேசியைக் கொண்டுவந்தவர்களும் ஒரே குடும்பத்தார் என்பதை நினைக்கும்போது, வானொலியில் பேசுகிற எனக்கு இந்த வழக்கில் ஒரு தனிப்பட்ட அக்கறை உண்டாவது இயல்பே.

அந்தக் கைபேசியில் இருப்பதைக் காரின் திரையிலேயே காட்டுவதற்காக, 2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் ஆப்பிள் கம்பெனி 'கார்ப்ளே' என்ற ஏற்பாட்டையும், அதே ஆண்டு ஜூனில் கூகிள் கம்பெனி 'ஆண்ட்ராய்டு ஆட்டோ' என்ற ஏற்பாட்டையும் அறிமுகப்படுத்தின. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, கிராமத்து டூரிங் டாக்கீஸை நினைத்துக்கொண்டால் போதும். வெள்ளைத் திரைக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. படச்சுருளும் விளக்கும் யந்திரமும் பின்னால் புரொஜெக்டர் அறையில் இருக்கும். அதுபோல வழியைக் கணிப்பது, பாட்டைத் தேடுவது, பேசுகிற குரலைப் புரிந்துகொள்வது ஆகிய சகல காரியங்களும் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியின் பொறுப்பில் நடக்கின்றன. தயாரான காட்சி வயர் வழியாகவோ வயர் இல்லாமலோ வந்து காரின் திரையில் விழுகிறது. நாம் விரல் வைத்த இடம், பேசிய பேச்சு போன்ற செய்திகள் திரும்பிப் போகின்றன. கைபேசியை எடுத்துவிட்டால் கொட்டகை காலி. அடுத்தவர் தம் கைபேசியைச் செருகினால் அவருடைய படம், அவருடைய பாஷை.

கூகிள் வரைபடம் தமிழிலும் கன்னடத்திலும் வழி சொல்லத் தொடங்கியது 2018 மார்ச்சில். பிறந்த பாஷையில் ஒரு குரல் "இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்வது, நகரத்துக்குப் புதிதாக வந்து சாரதித் தொழிலில் இறங்கிய ஒருவருக்கு எவ்வளவு பெரிய தைரியத்தைக் கொடுக்கும் என்பதை அந்த இளைஞரின் பக்கத்தில் அமர்ந்திருந்தபோது கண்டேன்.

இனி, கார்க் கம்பெனிகளின் தயக்கத்துக்கு வருவோம். பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் பிடதி. அங்கேதான் டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலை இருக்கிறது. கல்யாணத்துக்கும் திருப்பதி யாத்திரைக்கும் விமான நிலையத்துக்கும் நம் ஊர்க்காரர்கள் தேடுகிற இன்னோவா பிறப்பது அங்கே. 2016 மே மாதத்தில் இன்னோவா கிரிஸ்டா என்ற புதிய உருவத்தில் அந்த வண்டி வந்தபோது, அதில் தொடுதிரை இருந்தது. கார்ப்ளேயும் இல்லை, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இல்லை. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரிலேயே மாருதி சுஸுகியின் பலேனோவில் கார்ப்ளே வந்துவிட்டது. 2017 ஜனவரியில் வந்த சிறிய வண்டியான இக்னிஸில் இரண்டுமே வந்துவிட்டன. பெரிய வண்டியில் இல்லாத சௌகரியம் சின்ன வண்டியில் இருந்ததற்குக் காரணம் செலவும் அல்ல, ஞானக்குறைவும் அல்ல, டொயோட்டாவின் கொள்கை. பாதுகாப்பையும் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தையும் உத்தேசித்து நிதானமாகப் போகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே 2017 ஜனவரியில், ஃபோர்டு கம்பெனியும் டொயோட்டாவும் சேர்ந்து, கைபேசிச் செயலிகளைக் காருக்குள் கொண்டுவருவதற்குத் தங்கள் ஆதிக்கத்திலேயே ஒரு பொதுமுறை இருக்கட்டும் என்று 'ஸ்மார்ட் டிவைஸ் லிங்க்' என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. ஆனால் வாங்குகிறவர்கள் கேட்டது அதை அல்ல. 2018 ஜனவரியில் டொயோட்டா ஆப்பிளுக்கும், அக்டோபரில் கூகிளுக்கும் கதவைத் திறப்பதாக அறிவித்தது. பிடதியிலிருந்து வரும் இன்னோவா கிரிஸ்டாவில் அந்தக் கதவு திறந்தது 2020 நவம்பரில். நாலரை ஆண்டுக் காலம், நம் சாரதிகள் அந்தப் பெரிய வண்டியிலும் கண்ணாடியில் ஹோல்டரை ஒட்டிக்கொண்டே ஓட்டினார்கள்.

டொயோட்டா இறங்கி வந்த பிறகு வழக்கு முடிந்தது என்று எண்ணியிருந்த வேளையில், எதிர்த்திசையில் ஒரு குரல் கிளம்பியது. இந்தியாவில் 2017-ல் கார் விற்பனையை நிறுத்திக்கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ், 2023-ல், தான் இனிச் செய்யப்போகும் மின்சாரக் கார்களில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இராது என்று அமெரிக்காவில் அறிவித்தது. தன்னுடைய சொந்த மென்பொருளே வண்டியோடு நன்றாக இசைந்து வேலை செய்யும், ஓட்டுநர் கைபேசியை எடுக்கும் அவசியமும் குறையும் என்பது அது சொன்ன நியாயம். ஆனால் 2021-லேயே அக்கம்பெனி, மென்பொருள் மூலமும் மாதச் சந்தாச் சேவைகள் மூலமும் 2030-க்குள் ஆண்டொன்றுக்கு 2000 முதல் 2500 கோடி டாலர் வரை வருமானம் காண்பதை இலக்காக அறிவித்திருந்தது. திரையில் தெரிவது வேறொருவர் கடையானால், அந்தச் சந்தா யாரிடம் வசூலாகும்?

டொயோட்டா சொன்ன அந்தரங்கம் என்ற வாதத்தையும் உரைத்துப் பார்க்கவேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள், ஓட்டுநர் எவ்வளவு வேகமாகப் போனார், எங்கே சடக்கென்று பிரேக் போட்டார் என்பன போன்ற குறிப்புகளைச் சேகரித்ததும், அவை தரகு நிறுவனங்கள் வழியாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைச் சென்றடைந்ததும் 2024-ல் வெளிப்பட்டன. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், அத்தகைய விவரங்களை ஐந்து ஆண்டுகளுக்கு அந்நிறுவனங்களுக்குக் கொடுக்கலாகாது என்று உத்தரவிட முன்வந்தது. கைபேசிக் கம்பெனி நம்மை உளவு பார்க்கும் என்று எச்சரிக்கிறவர் தம் கையையும் விரித்துக் காட்டவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதனால் கார் செய்கிறவர்கள் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை அவர்கள் கம்ப்யூட்டர்த் தொழிலில் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். பெட்டியைச் செய்தவர்கள் பலர். பெட்டிக்குள் இருந்த மென்பொருளின் சொந்தக்காரர் ஒருவர். லாபத்தில் பெரும்பங்கு போனது அந்த ஒருவருக்கு. கார்ப்ளேயும் முதலில் நடுத்திரையைத்தான் கேட்டது. 2025 மே மாதத்தில் ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் 'கார்ப்ளே அல்ட்ரா' என்று வந்தபோது, வேகம் காட்டும் வட்டம் உட்பட ஓட்டுநரின் முன்னுள்ள திரை முழுவதும் ஆப்பிளின் கோலத்துக்கு மாறியது. வேறு சில கம்பெனிகளோ வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டன. நம் ஜீவனஹள்ளியிலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் போனால் வருகிற ஹொஸகோட்டையில் கோத்து முடித்து, 2022-ல் இங்கே விற்பனைக்கு வந்த வால்வோவின் மின்சாரக் காரில், கைபேசியைச் செருகாமலே கூகிள் குடியிருக்கிறது. அங்கே அது விருந்தாளியாக வரவில்லை, அஸ்திவாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது.

ஆனாலும் என் மனம் சாரதியின் பக்கமே நிற்கிறது. இரண்டு பெரிய வியாபாரிகளின் பாகப்பிரிவினையாக இது பேசப்படுகிறதே தவிர, பலகைக்கு எதிரே தினம் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறவரின் பாத்தியதையை யாரும் பேசுவதில்லை. நம் நாட்டில் ஒரு காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் எத்தனை தெருக்கள் ஒருவழிப் பாதையாகும், எத்தனை மேம்பாலங்கள் எழும்! 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி தன் பழைய 3ஜி அலைவரிசையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த பழைய கார்கள் பலவற்றில் தொலைத்தொடர்புச் சேவைகள் நின்றுபோயின. என்ஜின் நன்றாக இருந்தது, சக்கரம் நன்றாக இருந்தது, மூளை மட்டும் மூப்படைந்துவிட்டது. கைபேசியோ மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகிவிடும். அதைச் செருகிக்கொள்ள இடமிருந்தால் பழைய வண்டியும் அதோடு சேர்ந்து இளமை பெறும். இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

உயிர்ப்பயம் வேறு இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதி, ஓட்டும்போது கைபேசியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் கலையாதபடி உபயோகிக்கலாம் என்கிறது. ஆட்டோக்காரர்களுக்கு ஹேண்டில்பாரில் மாட்டிய கைபேசியை விட்டால் வேறு கதி கிடையாது. ஆனால் காரில் பெரிய திரை ஒன்று இருந்தும், ஒரு நிறுவனத்தின் கொள்கைக்காக மனிதர்கள் ஆறங்குல ஒளித்துண்டை உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டவேண்டியிருக்கிறதே என்பது என்னை வருத்துகிறது.

ஆகவே, கைபேசி உள்ளே வரட்டும். வாங்கியவர் விரும்பினால் வரட்டும். வேகம், பிரேக் எச்சரிக்கை, வைப்பர், விளக்கு ஆகிய உயிர்நிலைகள் மட்டும் எந்தக் கைபேசியின் தயவையும் எதிர்பாராமல், தொட்டுணரும் பொத்தான்களோடும் குமிழ்களோடும் வண்டியின் ஸ்வாதீனத்திலேயே இருக்கட்டும். வானொலியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன். 2023-ல் ஃபோர்டு கம்பெனி, தன் புதிய கார்களிலிருந்து ஏ.எம். வானொலியை நீக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வலுத்ததும் அவ்வாண்டு மே மாதத்திலேயே பின்வாங்கியது. ஏற்கெனவே அதை இழந்திருந்த மின்சாரக் கார்களுக்கு மென்பொருளை மாற்றியே திருப்பித் தருவதாகச் சொன்னது. கருவி உள்ளேயே இருந்திருக்கிறது. அதன் வாயைக் கட்டியதும் அவிழ்ப்பதும் தொலைவில் எங்கோ எழுதிய சில வரிகள். புயலும் வெள்ளமும் வந்து செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்த நாட்களில் கடற்கரை ஊர்களுக்குச் செய்தி சொன்ன ஒரு சாதனத்தை அப்படி ஊமையாக்கும் அதிகாரம் ஒரு கம்பெனியிடம் இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

அன்று லிங்கராஜபுரம் மேம்பாலத்தைக் கடந்து ஹெண்ணூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, ஹோல்டரில் இருந்த கைபேசியில் அழைப்பு ஒன்று வந்து, வழிப்படத்தின் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த சவாரிக்காரராக இருக்கலாம். இளைஞர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கலாமா என்று ஒரு கணம் தடுமாறி, எடுக்காமல் விட்டார். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு, கிழக்கு வெளுக்கத் தொடங்கிய வேளையில், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல் இடது கையை நீட்டினார். பெரிய திரைக்குக் கீழே கறுப்பாக ஒரு குமிழ் இருந்தது. அதை அவர் தேடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. விரல்கள் தாமாகவே அதைப் பற்றித் திருப்பின. ஆகாசவாணியின் தொடக்க இசை வண்டி முழுவதும் நிறைந்தது.