தெளிந்த நீரும் தூய நீரும்

சேற்று நீரைத் துணியில் வடிகட்டினால் மண் தங்கிவிடும். உப்பு நீரை வடிகட்டினால் உப்புத் தங்குமோ? தங்காது. நீராகிய கரைப்பானில் கரைபொருளான உப்பு ஒன்றிக் கரைசலாகிவிட்டது.

இப்பள்ளிப் பாடத்தின் அருமையைத் தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டம் உணர்த்தும். அங்கே பளிங்குபோல் தெளிந்த கிணற்று நீரில் கரைந்திருந்த புளோரைடு பலருடைய பற்களைக் கறைப்படுத்தி, எலும்புகளையும் வளைத்தது. காய்ச்சினாலும் பயனில்லை, நீர் ஆவியாகக் குறையக் குறையப் புளோரைடு செறிவுறும்.

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் 1970-களில் ஒரு முறை வகுத்தனர். சுண்ணாம்பும் படிகாரமும் உரிய அளவில் இட்டுக் கலக்கினால், புளோரைடின் பெரும்பகுதி வண்டலோடு சேர்ந்து அடியில் படியும், பின்னர் வடிகட்டலாம்.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாதென்பது நம் நாட்டு வரம்பு. ஆதலின், கிணற்று நீரைச் சோதித்தறிந்த பின்னரே பருகுதல் நன்று.