பலகையில் ஒரு பெயர், பத்திரத்தில் யார் பெயர்?

விடுமுறை நாளில் நாம் குடும்பத்தோடு பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ் டவுனுக்கு வருகிறோம். கடைத்தெருவில் சேலையும் மளிகைச் சாமானும் வாங்குகிறோம். அங்கே முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். கடை யாருடையது என்று கேட்கவே வேண்டாம். திரும்பும் வழியில் பிள்ளைகள் தாகம் என்கிறார்கள். "செவன்-இலெவன்" என்ற பலகை தொங்கும் கடைக்குள் நுழைகிறோம். கல்லாவில் நிற்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓர் இளைஞர். அப்படியானால் இந்தக் கடையின் முதலாளி யார்?

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணம் ஓய்வுக் காலத்தில் ஒரே தொகையாக நம் கைக்கு வருகிறது. பெயர்பெற்ற கடை ஒன்றின் உரிமையை வாங்கி நடத்தினால் என்ன என்ற ஆசை அப்போது எழுகிறது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கடையின் கதை பனிக்கட்டியில் தொடங்கியது. 1927-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஐஸ் விற்ற ஒரு கம்பெனியின் ஊழியர், மற்றக் கடைகள் மூடியிருந்த நேரங்களில் பால், ரொட்டி, முட்டை ஆகியவற்றையும் சேர்த்து விற்றார். மக்கள் விரும்பினார்கள், கடைகள் பெருகின. காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருந்ததால் 1946-இல் அந்தப் பெயரே கடைக்கு வந்தது.

1974-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று உரிமம் பெற்று தோக்கியோவில் முதல் கடையைத் திறந்தது. அது முன்பு ஒரு குடும்பத்தின் மதுக்கடையாக இருந்தது. பிறகு நடந்ததுதான் வியப்பு. அமெரிக்கக் கம்பெனி கடனில் மூழ்கியது. 1991-இல் ஜப்பானியர்களே அதன் பெரும்பங்கை வாங்கினார்கள். 2005-இல் அது முழுவதும் அவர்களுடையதாயிற்று. மாணவன் ஆசிரியரின் பள்ளிக்கூடத்தையே வாங்கிவிட்டான்! 2024-இல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று அந்த ஜப்பானிய நிறுவனத்தை வாங்க முன்வந்து, 2025-இல் அம்முயற்சியைக் கைவிட்டது.

நம் நாட்டின் முதல் செவன்-இலெவன் கடை 1984-இல் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் சாலையில் திறக்கப்பட்டது. இங்கே அந்தப் பெயரை நடத்தும் உரிமம் உள்நாட்டு நிறுவனம் ஒன்றிடம் இருக்கிறது. அந்நிறுவனம் 2014-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, பெரும்பங்கு பெர்ஜாயா குழுமத்தை நிறுவிய வின்சென்ட் டான் தரப்பினரிடம் இருந்தது. நிறுவனமே நேராக நடத்தும் கடைகளும் உண்டு. உரிமை பெற்ற தனியார் நடத்தும் கடைகளும் உண்டு.

ஆக, ஒரே பலகைக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கலாம்: பெயருக்குச் சொந்தக்காரர், நாட்டுக்கான உரிமம் பெற்றவர், கடையை நடத்துபவர். இத்தகைய வாணிபத்தில் கடை நடத்துபவர் பொதுவாக முதலில் ஒரு கட்டணம் கட்டுகிறார். பிறகு விற்பனையிலோ இலாபத்திலோ ஒரு பங்கைத் தொடர்ந்து கொடுக்கிறார். சரக்கும் ஒழுங்குமுறையும் அவர் விருப்பப்படி இருப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் பலகை இறங்கிவிடும். பழகிய பெயரும் பயிற்சியும் அவருக்குக் கிடைப்பது உண்மை. பெயர் மட்டும் அவருடையதாவதில்லை.

இதற்காகவே நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஒப்பந்தமும் விவரப் பத்திரமும் நம் கைக்கு வர வேண்டும். கையெழுத்திட்ட பின்னும் மனம் மாறினால் விலகிக்கொள்ளக் குறைந்தது 7 வேலை நாட்கள் உண்டு. ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுக்குக் குறையக் கூடாது. "இன்றே கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கு வேறொருவர் எடுத்துக்கொள்வார்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அங்கேயே நாம் நின்று யோசிக்க வேண்டும். படித்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சொந்தமாவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாததன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் பெரியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தச் சிறு பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. அங்கே பங்குச் சீட்டில் அவர்கள் பெயர் இருந்தது.

அடுத்த முறை பினாங்கு வரும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கடையில் தாராளமாகக் குளிர்பானம் வாங்கிக் கொடுப்போம். கூடவே ஒரு பாடத்தையும் சொல்லிக் கொடுப்போம்: பலகையைப் படிப்பவன் வாடிக்கைக்காரன், பத்திரத்தைப் படிப்பவன்தான் முதலாளியாக முடியும்.