கடல் கடந்த தொட்டில்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப மாநாட்டில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் காணும் இவ்வேளையில் நம் பங்கின் வளர்ச்சியைப் பேசுவது முறைதான். கோவில் கோபுரம் உயர்ந்திருக்கிறது. ஓலை வீடுகள் இருந்த தெருவில் மாடி வீடுகள் நிற்கின்றன. இந்த வளர்ச்சியில் வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளின் வியர்வை கலந்திருக்கிறது என்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஆனால் இன்று நாம் சிந்திக்க விரும்புவது அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றியல்ல. அங்கே அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி.

கைக்குழந்தையோடு அந்நிய நாட்டில் குடியேறிய குடும்பம் நமக்குப் புதிதல்ல. ஏரோதின் வாளுக்குத் தப்பி, இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்து நாட்டுக்குப் போனார் புனித சூசையப்பர். பாஷை வேறு, ஊர் வேறு, உறவினர் யாருமில்லை. 1952-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், புலம்பெயர்ந்தோர் நலன் குறித்து ‘எக்ஸுல் ஃபமீலியா’ என்னும் ஏட்டை வெளியிட்டார். எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பமே புலம்பெயர்ந்த குடும்பங்கள் அனைத்துக்கும் முன்மாதிரி என்று அதன் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். குவைத் நகரின் இணைப் பேராலயம் திருக்குடும்பத்தின் பெயரையே தாங்கி நிற்பது எத்தனை பொருத்தம்!

அங்கே குடும்பத்தோடு வாழும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால்தான் மனைவி மக்களை அழைக்கலாம். மற்றவர்களின் நிலை என்ன? மனைவி இங்கே பிள்ளை பெறுகிறாள். தகப்பன் தன் குழந்தையின் முகத்தை முதலில் செல்போனில்தான் பார்க்கிறான். இரண்டு வயதில் அந்தப் பிள்ளை, விமான நிலையத்தில் கையை நீட்டும் தகப்பனைப் பார்த்து மிரண்டு அழுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

அழைத்துச் செல்ல முடிந்தவர்களின் பாடு எளிதென்று எண்ண வேண்டாம். இங்கே ஒரு பெண் பிள்ளை பெற்றால் வீடு நிறைய ஆட்கள். வெந்நீர் வைக்க ஒருத்தி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒருத்தி. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தட்டுக்கு வந்துவிடும். அங்கேயோ, மருத்துவமனையிலிருந்து ஓரிரு நாளில் வீடு திரும்புகிறவளுக்கு, பூட்டிய கதவும் ஓயாமல் இரையும் ஏ.சி.யுமே துணை. அமீரகத்தில் தனியார் வேலையிலுள்ள தகப்பனுக்குக் குழந்தைக்காகக் கிடைக்கும் விடுப்பு 5 வேலை நாட்கள். தாயும் வேலைக்குச் செல்பவளானால், 60 நாட்கள். அதில் 45 நாட்களுக்கு முழுச் சம்பளம், மீதிக்குப் பாதி. நம் நாட்டுச் சட்டமோ 2017 முதல் 26 வாரம் தருகிறது. இரண்டு மாதக் குழந்தையை யாரோ ஒருவரிடம் விட்டுவிட்டு, கண்ணீரோடு பஸ் ஏறும் தாயை நாம் மனக்கண்ணால் பார்க்க வேண்டாமா?

அதோடு காகிதப் பாடும் உண்டு. அங்கே பிறப்பதால் மட்டும் நம் பிள்ளை அந்நாட்டுக் குடிமகன் ஆவதில்லை. இந்தியக் குடியுரிமையும் தானாக வருவதில்லை. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவை. பிறகு பாஸ்போர்ட், அதன்பின் விசா. அமீரகத்தில் இவையெல்லாம் 120 நாட்களுக்குள் முடியாவிட்டால் அபராதம் ஏறும். இந்த அலைச்சலில் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் கேட்கப்படும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கோவில் பதிவேட்டில் வேறொரு பெயர் என்றிருந்தால் கஷ்டம்தான். ஆகவே, ஓலை எழுத வரும்போதே பாஸ்போர்ட்டையும் கொண்டுவாருங்கள். ஓர் எழுத்துப் பிழை, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பச்சிளங் குழந்தையின் விசாவை நிறுத்திவிடக்கூடும்.

இனி ஞானஸ்நானத்தைப் பற்றி. “ஊருக்கு வரும்போது திருவிழாவோடு சேர்த்துச் செய்யலாம்” என்று இரண்டு வருடம், மூன்று வருடம் தள்ளிப்போடும் பழக்கம் பெருகி வருகிறது. பிறந்த முதல் சில வாரங்களிலேயே குழந்தை ஞானஸ்நானம் பெறப் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 867-ம் எண். அங்கே கோவில் இல்லையா? பஹ்ரைனில் 1939-லேயே இயேசுவின் திரு இருதய ஆலயம் எழுந்தது. 2021-ல் அரேபியாவின் அன்னை பேராலயமும் திறக்கப்பட்டது. துபாய் புனித மரியாள் ஆலயம் 1967 முதல் இருக்கிறது. தமிழில் திருப்பலி காணும் வாய்ப்பும் உண்டு. சவூதி அரேபியாவில்தான் பொது ஆலயம் எதுவும் இல்லை. அங்குள்ளோர் தள்ளிப்போடுவதற்குக் காரணம் உண்டு. மற்றவர்களுக்கு என்ன காரணம்? ஞானத்தந்தையாக வேண்டிய மாமா ஊரில் இருக்கிறார் என்கிறார்கள். அவருக்குப் பதிலாள் நிற்கும் வழக்கம் திருச்சபையில் உண்டு. உண்மைக் காரணம் நாமே: ஊருக்குச் சோறு போடாத ஞானஸ்நானம் குறைவு என்று நினைக்கும் நாமே. குழந்தைக்குத் தேவை நம் விருந்தல்ல, நம் துணை.

ஒரு செய்தியையும் மறவாதீர்கள். எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் நடந்ததோ, அந்தக் கோவிலின் பதிவேட்டில்தான் அது எழுதப்படும். பிற்காலத்தில் அந்தப் பிள்ளையின் திருமணத்துக்கு அங்கிருந்துதான் சான்றிதழ் பெற வேண்டும். வேலை மாறி நாடு மாறுமுன் அதைக் கையில் வாங்கி வையுங்கள்.

தாய்மார்களே, பாட்டிமார்களே! உங்களிடம் சற்று உரிமையோடு பேசுகிறோம். நீங்கள் போனில் சொல்லும் புத்தி அன்பால் வருவதே. ஆனால் சேனை வைக்கிறோமென்று தேன் தொட்டு வைக்கச் சொல்லாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்து. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மருந்துச் சாமானும் மசாலாவும் கட்டி அனுப்பும்போது அதில் கசகசா இருக்கக் கூடாது. நமக்கு அது சமையல் சாமான். அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். கொண்டு போனவன் சிறை செல்ல நேரிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையைத் தூக்கக்கூட மனமில்லை என்று மகளோ மருமகளோ சொன்னால், “நாங்கள் பத்துப் பெறவில்லையா?” என்று வாயடைக்காதீர்கள். பேறுகாலத்துக்குப் பின் சில நாள் மனம் கலங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது நோய். சோம்பலுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. மருத்துவரிடம் காட்டினால் குணமாகும். அடுத்த அறையில் ஆளில்லாத நாட்டில், அவள் அதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் உங்கள் காது. அந்தக் கதவை நீங்களே சாத்திவிடலாமா?

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் மூன்று காரியங்களை மேற்கொள்வோம். முதலாவது, வெளிநாட்டில் பிள்ளைப் பேற்றை எதிர்நோக்கும் நம் பங்குப் பெண்களின் விவரத்தைக் குடும்பத்தார் முன்கூட்டியே பங்கு அலுவலகத்தில் தெரிவியுங்கள். அங்குள்ள பங்குக்கு எழுதி, பக்கத்திலுள்ள தமிழ்க் குடும்பமொன்றை அவர்களுக்கு அறிமுகப்படுத்த நாம் முயல்வோம். இரண்டாவது, ஞானஸ்நான விருந்துக்கென எடுத்து வைக்கும் பணத்தில், பாட்டிக்கு ஒரு விசாவும் விமான டிக்கெட்டும் எடுங்கள். பந்தியில் சாப்பிட்டவர் மறந்துபோவர். முதல் நாற்பது நாள் அருகிலிருந்த தாயை மகள் சாகும்வரை மறக்க மாட்டாள். மூன்றாவது, தகப்பன் தூரத்திலிருக்க, இங்கே தனியே பிள்ளை வளர்க்கும் இளந்தாய்மார் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். மரியாயின் சேனையார் வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுப் படியேறுங்கள்.

நாற்பதாம் நாளில் குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக்க மாதாவும் சூசையப்பரும் வந்தபோது, அவர்களிடம் இருந்தது ஏழைகளின் காணிக்கைதான். விருந்துமில்லை, சுற்றமுமில்லை. ஆயினும் முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தினார்; விதவை அன்னாள் அருகில் வந்து நின்றாள். உறவல்லாத இரண்டு முதியவர்கள் அன்று அந்தக் குழந்தைக்குச் சுற்றமானார்கள். நம் பங்கும் அப்படி ஆகட்டும்.

கடல் கடந்து ஆடும் ஒவ்வொரு தொட்டிலையும் திருக்குடும்பம் காப்பதாக. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.