ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட்டும்



சித்திரை வெயிலில் காவிரிப் பாலத்து நெரிசலில் நிற்கிறோம். வெப்ப முள் சிவப்பைத் தொடுகிறது. உடனே பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம்.

வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போகும். திருவெறும்பூர் பாய்லர் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம்.

ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். அதிலுள்ள ஸ்பிரிங் வால்வு சுமார் 1 பார் அழுத்தம் வரை கூலன்ட்டை அடக்கி வைக்கும். மிஞ்சினால் பக்கத்து டப்பாவுக்கு வழியவிடும். எஞ்சின் ஆறியதும் இன்னொரு சின்ன வால்வு வழியாக அது திரும்ப உள்ளே வரும்.

சூட்டில் மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விழும். அதுவரை கொதிக்காமல் இருந்த 110 டிகிரித் தண்ணீர் அந்த நொடியே கொதித்துப் பொங்கி, முகத்திலும் கையிலும் அடிக்கும்.

ஆகவே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். அரை மணிக்கு மேலேயே ஆகும். ஆவி அடங்குமுன் குக்கரைத் திறப்போமா? சில கார்களில் டப்பாவின் மூடியே அழுத்த மூடி. அதற்கும் இதே விதிதான்.

மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். மாற்றும்போது பழைய மூடியில் பொறித்துள்ள அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.