அச்சமும் கற்றுக்கொண்டதே

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் மக்களின் கல்விக்குத் தொண்டாற்றி வரும் இச்சங்கத்தின் விழாவில், கற்றலின் உளவியல் பற்றி உரையாற்றுமாறு பணித்துள்ளீர்கள். அப்பொருள் கடல் போன்றது. அதன் ஒரு துறையில் மட்டும் இறங்குவோம். "எங்கள் பிள்ளைக்குக் கணக்கு என்றாலே பயம், அவன் தலையில் படிப்பு ஏறாது" என்று பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து வருந்துவதுண்டு. ஆசிரியர் சிலரும் அதனையே அவன் பிறந்த தெருவோடு சேர்த்துக் கூறுவதுண்டு. இக்கூற்று உண்மைதானா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

உருசிய நாட்டு உடலியல் அறிஞர் இவான் பாவ்லாவ் (1849–1936), செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். நாயின் உமிழ்நீர் கன்னத்தின் வழியே வெளிவந்து ஒரு குழாயில் சேருமாறு சிறு அறுவை செய்து, அதனைத் துளித்துளியாக அளந்தார். உணவு நாவில் பட்டதும் உமிழ்நீர் சுரப்பது இயற்கை. ஆனால் நாளடைவில், உணவு கொணரும் பணியாளரைக் கண்டவுடனேயே அது சுரக்கக் கண்டார். உடனே ஆராய்ச்சியைத் திருப்பினார். சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் என்னும் கருவியை இயக்கி, அடுத்த நொடிகளில் உணவு அளித்தார். பலமுறை இவ்வாறு செய்தபின், உணவின்றி ஒலி மட்டும் எழுந்தபோதும் உமிழ்நீர் சுரந்தது. இங்கே உணவு இயல்பான தூண்டல். ஒலி ஆக்கநிலையுறுத்தப்பட்ட தூண்டல். ஒலி கேட்டுச் சுரந்த உமிழ்நீர் ஆக்கநிலையுறுத்தப்பட்ட துலங்கல். ஒலி முன்னும் உணவு பின்னும் வருதல் வேண்டும். வரிசை மாறினால் இத்தொடர்பு எளிதில் அமைவதில்லை. வரவிருப்பதை முன்கூட்டி அறிவிக்கும் தூண்டலே வலுப்பெறுகிறது என்பதை 1960களில் ராபர்ட் ரெஸ்கார்லா என்பார் சோதனைகளால் தெளிவாக்கினார்.

"நம் பிள்ளைகளை நாயோடு ஒப்பிடுவதா?" என்று எவரேனும் எண்ணலாம். அந்த இழிவைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்கள் நாம், எண்ணுவது நியாயமே. ஆனால் புளியங்காய் என்று சொன்ன மாத்திரத்தில் இம்மன்றத்தில் எத்தனை பேர் நாவில் நீர் ஊறுகிறது என்று பாருங்கள். உமிழ்நீர்ச் சுரப்பி சாதி கேட்பதில்லை. அரசனுக்கும் ஆண்டிக்கும் இவ்விதி ஒன்றே.

உமிழ்நீர் மட்டுமன்று, அச்சமும் இவ்வாறே கற்கப்படுகிறது. அமெரிக்க உளவியலார் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் 1920ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை அதனைக் காட்டியது. பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைக் கண்டு அஞ்சாமல் கை நீட்டியது. எலி தோன்றும்போதெல்லாம் அதன் தலைக்குப் பின்னால் எஃகுத் தண்டைச் சுத்தியலால் அறைந்து பேரொலி எழுப்பினர். ஏழே முறைதான், அதன்பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலுக்கும், நாய்க்கும், உரோம மேலாடைக்கும் அவ்வச்சம் பரவியது. அச்சத்தைப் போக்காமலேயே குழந்தை அனுப்பப்பட்டது. இன்று இதனை அறநெறிக்கு மாறான சோதனை என்றே கருதுகின்றனர்.

ஆய்வுக்கூடம் இல்லாமலே இச்சோதனை நம் ஊர்களில் நடந்ததுண்டு. நாம் மூன்றாம் வகுப்புப் பயின்ற காலத்தில் ஆசிரியர் ஒருவர் மிதிவண்டியில் வருவார். வாயிலில் மணி ஒலிக்கும்; சற்று நேரத்தில் கணக்குத் தொடங்கும். நாமும் நம் தெருப் பிள்ளைகள் அறுவரும் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்போம். விடை தவறினால் பிரம்படி விழும்; அதனோடு, "உங்கள் தெருவுக்குக் கணக்கு எதற்கு?" என்னும் வசையும் விழும். அடி மாலைக்குள் ஆறிவிடும், வசை ஆறியதில்லை. சில வாரங்களில் மிதிவண்டி மணி கேட்டாலே உள்ளங்கை வியர்க்கலாயிற்று. விடுமுறை நாளில் அஞ்சற்காரரின் மணி கேட்டாலும் வீட்டிற்குள் ஓடி ஒளிவோம். "தபால்காரர்தானடா" என்று தாயார் சிரிப்பார். நமக்குச் சிரிப்பு வாராது. எங்களுக்குக் கணக்கு வரவில்லை என்றார்கள். உண்மையில் வந்தது அச்சம். அது கணக்கை உள்ளே விடவில்லை.

கற்ற அச்சத்தை மாற்ற இயலுமா? இயலும். மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1924ஆம் ஆண்டு அதனைக் காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு இரண்டு வயது பத்து மாதம். அஞ்சாத பிள்ளைகள் முயலோடு விளையாடுவதை முதலில் காணச் செய்தார். பின்னர் அவன் விரும்பி உண்ணும்போது முயலைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் அவன் இசைந்தான். அவசரப்பட்டு முயலை அருகே வைத்தால் உணவே அச்சத்திற்குரியதாகிவிடும் என்றும் அவ்வம்மையார் எச்சரித்தார்.

எங்களுக்கு வாய்த்த மருந்து அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர். அவரும் மிதிவண்டியிலேயே வந்தார். மணியும் அதே ஓசைதான். ஆனால் எங்களை முன்வரிசைக்கு அழைத்தார். பெயர் சொல்லி விளித்தார். எங்களால் இயன்ற கணக்கையே முதலில் கொடுத்தார். அரையாண்டுத் தேர்வுக்குள் வியர்வை நின்றது. எனினும் விடுமுறை கழிந்து திரும்பிய முதல் நாள், மணி கேட்டதும் உள்ளங்கை மீண்டும் நனைந்தது. மறைந்த துலங்கல் இடைவெளிக்குப்பின் தலைகாட்டும் என்பது பாவ்லாவும் கண்டதே. பழைய அச்சம் அழிவதில்லை. அதன்மேல் புதிய கற்றல் படிகிறது. ஆகவே, ஒருநாள் பிள்ளை பின்வாங்கினால் "பழைய குணம் திரும்பிவிட்டது" என்று கைவிடாதீர்கள். எங்கள் ஆசிரியர் கைவிடவில்லை. சில நாளில் அதுவும் அடங்கிற்று.

கற்றல் முழுவதும் இவ்விதியில் அடங்கிவிடாது. சிந்தனையும் முயற்சியும் வேறு. ஆனால் அவை நுழையும் வாயிலை அடைப்பதும் திறப்பதும் இதுவே.

எனவே பெற்றோர்களே, "வாத்தியாரிடம் சொல்லிவிடுவேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். ஆசிரியரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே, தெரிந்த கணக்கில் தொடங்குங்கள். புத்தகம் திறந்ததும் வசை தொடருமானால் புத்தகமே பிரம்பாகிவிடும். ஆசிரிய நண்பர்களே, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், தடை செய்துள்ளது. சட்டம் பிரம்பைப் பறிக்கலாம். நாவை நாமே அடக்க வேண்டும்.

தெருவின் பெயரால் வருவதன்று அச்சம், பிறப்பிலும் வந்ததன்று. யாரோ கற்பித்தது அது. கற்பித்ததை மாற்றிக் கற்பிக்க இயலும் என்பதற்கு, கடைசி வரிசையிலிருந்து எழுந்து இன்று உங்கள் முன் நிற்கும் நாமே சான்று.