கடல் கடந்து வந்த தொண்டர்



பொருள் தேடக் கடல் கடப்பது தமிழருக்குப் பழகிய செய்தி. ஊதியம் கருதாது, முன்பின் அறியாத மக்களுக்குப் பணி செய்யக் கடல் கடப்போரும் உலகில் உண்டு. அத்தகைய தொண்டர் ஒருவர் ஒரு பெருநகரத்தில் எவ்வாறு வேரூன்றுகிறார் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

இம்முயற்சி நெடுநாளாக நடந்து வருவது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் பியேர் செரெசோல், முதல் உலகப்போரில் அழிந்த பிரெஞ்சுக் கிராமம் ஒன்றைச் சீரமைக்க 1920-இல் பல நாட்டுத் தொண்டர்களைத் திரட்டினார். 1934-இல் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது இங்கும் வந்து உழைத்தார். இங்கிலாந்தில் 1958-இலும், அமெரிக்காவில் 1961-இலும் இதற்கென அமைப்புகள் தோன்றின. அமெரிக்க அமைதிப்படையினர் 1961 முதல் 1976 வரை நம் நாட்டில் பணி புரிந்தனர். ஜெர்மானிய அரசு இளைஞர்களை இவ்வாறு அனுப்பும் திட்டத்தை 2008-இல் தொடங்கியது.

அத்திட்டத்தின் வழியே வந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, 2018 செப்டம்பரில் எங்கள் வீட்டு மாடியில் குடியேறினாள். எங்கள் வீடு தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ளது. செவிப்புலன் இழந்த குழந்தைகள் பயிலும் பள்ளி ஒன்றில் ஓராண்டு பணி செய்வதற்காக அவள் வந்திருந்தாள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். விருந்தோம்பலில் குறை வைக்கலாகாது என்பது என் எண்ணம். காலைச் சிற்றுண்டி மாடிக்குச் சென்றது. அவள் துணி துவைக்க முற்பட்டால் என் மனைவி தடுத்துவிடுவாள். கடைக்குப் புறப்பட்டால் நானே சென்று வாங்கி வருவேன். பள்ளியிலும் இதே நிலை. அலுவலக அறையில் அவளுக்கு நல்ல நாற்காலி ஒன்று கிடைத்தது. விழாக்களில் மாலையும் கிடைத்தது. வேலை மட்டும் கிடைக்கவில்லை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அவள் கீழே வந்து, ஊருக்குத் திரும்பிவிட முடிவு செய்திருப்பதாகச் சொன்னாள். உணவு ஒவ்வவில்லையா, வெயில் தாங்கவில்லையா என்று கேட்டேன். "அவையெல்லாம் பழகிவிட்டன. நான்கு மாதமாக எல்லோரும் எனக்குச் செய்கிறார்கள். நான் ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. நான் இல்லாவிட்டால் இங்கு எவருக்கும் ஒரு குறையும் இராது" என்றாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அன்பு என்று எண்ணி நான் எழுப்பியது ஒரு சுவர் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

என் மனைவி மட்டும், "நாளைக் காலையில் தண்ணீர் லாரி வரும். என்னால் குடம் தூக்க முடியவில்லை. நீ போய் வரிசையில் நில்" என்றாள்.

அந்த ஆண்டைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோயின. எங்கள் தெருக் கிணறுகள் தை மாதத்திலேயே தரை தட்டிவிட்டன.

மறுநாள் அப்பெண் இரண்டு பிளாஸ்டிக் குடங்களுடன் வரிசையில் நின்றாள். குடத்தை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தவள், பத்தடி போவதற்குள் கால் இடறினாள். குடத்து நீர் முழுவதும் மண்ணில் கொட்டிற்று. தெருவே வாயடைத்து நின்றது. அவள் கண் கலங்கினாள். பின்னால் நின்ற மூதாட்டி ஒருவர் முன்வந்து, தம் குடத்து நீரில் பாதியை அவளுடைய குடத்தில் ஊற்றினார், பிறகு குடத்தை அவள் இடுப்பில் இருத்தி, "இப்படிப் பிடி. நாளைக்கு நேரத்தோடு வா" என்று அதட்டினார். அந்த ஊரில் அவளை அதட்டிய முதல் மனிதர் அவரே!

அதன் பிறகு அவள் ஊருக்குத் திரும்புவது பற்றிப் பேசவில்லை. பட்ட கடனைத் தீர்க்கவேண்டாமா? நாள்தோறும் மூதாட்டியின் குடத்தையும் சேர்த்துச் சுமந்தாள். "நகரு", "பிடி", "ஊற்று" என்னும் ஏவல் சொற்களே அவள் முதலில் கற்ற தமிழ். பள்ளியிலும் நாற்காலியை விட்டு எழுந்து, குழந்தைகளோடு தரையில் அமர்ந்தாள். ஜெர்மானியர் சைகை மொழி வேறு. நம் நாட்டுச் சைகை மொழி வேறு. குழந்தைகள் ஆசிரியராயினர், அவள் மாணவியானாள். பிழையாகச் சைகை காட்டினால் அவர்கள் சிரித்துத் திருத்தினார்கள். மூன்று மாதத்தில், அவர்களுக்கு ஓவியமும் கணக்கும் சொல்லிக் கொடுக்கும் தகுதி பெற்றாள்.

பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவு இருந்தவர்களே அயல்மண்ணில் நிலைத்திருக்கிறார்கள். மார்ஜரி சைக்ஸ் அம்மையார் 1928-இல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றார், காந்தியடிகளின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பணி செய்தார், பின்னர் இந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜிம்மி கார்ட்டரின் அன்னை லில்லியன், 1966-இல், தம் 68-ஆம் வயதில், அமைதிப்படைத் தொண்டராகப் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து, 1968 வரை செவிலியாகப் பணி புரிந்தார். அந்த வயதில் புதிய ஊரையும் புதிய பழக்கங்களையும் கற்கத் துணிந்தாரே, அத்துணிவு போற்றத்தக்கது.

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் நாளை வேற்று நாடுகளுக்குச் செல்வீர்கள். சிலர் தொண்டுக்கெனவே செல்லக்கூடும். கொடுப்பதற்கென்று கை நிறையக் கொண்டு போகிறோம் என்று எண்ணாதீர்கள். முதலில் பெற்றுக்கொள்ளப் பழகுங்கள். உதவி கேட்கக் கூசாதீர்கள். அவ்வாறே, உங்கள் ஊருக்கு ஒருவர் தொண்டு செய்ய வந்தால், மாலையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வேலையும் கொடுங்கள்.

2019 ஆகஸ்டில் அப்பெண் விடைபெற்றாள். நான் நன்றியுரை ஒன்று எழுதி வைத்திருந்தேன். மூதாட்டியோ அவள் கையைப் பற்றிக்கொண்டு, "இனி என் குடத்தை யார் தூக்குவார்?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதி வைத்ததைப் படிக்கவில்லை.